கிரேடு 2 என்றால் இரண்டாவது ஸ்டேஜா? மூளைக்கட்டி ரிப்போர்ட்டின் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் அண்ணனுக்கு 38 வயது. வலிப்பு வந்து எம்ஆர்ஐ எடுத்ததில் மூளையின் முன்பகுதியில் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் அன்று ‘கிளையோமா’ என்று மட்டும் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் ‘டிஃப்யூஸ் கிளையோமா, கிரேடு 2, ஐடிஎச்1 பாசிட்டிவ், ஏடிஆர்எக்ஸ் இழப்பு இல்லை, கேஐ-67 4 சதவீதம், 1பி/19கியூ ஃபிஷ் டெஸ்ட் செய்யவும்’ என்று இருக்கிறது. சொந்தக்காரர்கள் ‘ரெண்டாவது ஸ்டேஜ்’ என்கிறார்கள். அந்த டெஸ்ட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். அவசியம்தானா?

பதில்: அவசியம். செய்துவிடுங்கள். அண்ணனின் கட்டிக்கு இன்னும் முழுப் பெயர் வைக்கப்படவில்லை. அந்தப் பெயரைத் தரப்போவது இந்த டெஸ்ட்தான்.

முதலில் அந்த ‘ஸ்டேஜ்’ பயத்தை எடுத்துவிடலாம். மார்பகப் புற்றுநோயில் ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற கணக்கு. கிளையோமா என்பது மூளையின் நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்களின் வகைக் கட்டி; அது மூளையை விட்டு வெளியே பரவுவது மிக அரிது. அதற்கு அப்படி ஸ்டேஜ் போடுவதில்லை. கிரேடு என்பது கட்டியின் சுபாவம். செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, புது ரத்தக்குழாய்கள் தடித்து முளைத்திருக்கின்றனவா, நடுவில் திசு செத்துக் கிடக்கிறதா என்று பார்த்து 1 முதல் 4 வரை தருகிறோம். 2 என்றால் மெதுவாக வளரும் வகை. அதற்காகச் சும்மா விட்டுவிடக்கூடியதும் இல்லை. ஓரங்களில் நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கும்; ரிப்போர்ட்டில் ‘டிஃப்யூஸ்’ என்பது அதைத்தான்.

கேஐ-67 4 சதவீதம் என்பதைப் பார்த்து மூளையில் 4 சதவீதம் புற்றுநோய் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டியின் நூறு செல்களில் சுமார் நான்கு பிரியும் ஓட்டத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

சரி, இப்போது டெஸ்ட்டுக்கு வருவோம். ஐடிஎச்1 பாசிட்டிவ் என்றால் கட்டி செல்களில் ஐடிஎச்1 என்ற மரபணு மாறியிருக்கிறது. அப்படியானால் இந்தக் கட்டி இரண்டில் ஒன்று: ஆஸ்ட்ரோசைட்டோமா அல்லது ஒலிகோடென்ட்ரோகிளையோமா. முன்பெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தே பிரித்தோம். ஒலிகோ செல்கள் வட்டமான கருவும் சுற்றி வெள்ளை வளையமுமாக, ஆஃப்பாயில் மாதிரி தெரியும். ஆனால் அந்த வளையம் ஃபார்மலினில் போட்டுப் பதப்படுத்தும்போது உண்டாவது. ஆபரேஷன் நடக்கும்போதே உறைய வைத்துப் பார்க்கும் திசுவில் அது இருக்காது. அன்று ‘கிளையோமா’ என்பதோடு நிறுத்திக்கொண்டதில் தவறே இல்லை.

கண்ணால் பிரிப்பதில் நல்ல அனுபவசாலிகளுக்கே கருத்து வேறுபாடு வந்தது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2016 பதிப்பில் மரபணு மாற்றத்தையும் பெயரோடு சேர்த்தது. 2021 பதிப்பு அதை இன்னும் உறுதியாக்கியது. கட்டி செல்களில் ஏடிஆர்எக்ஸ் என்ற புரதம் இல்லாமல் போயிருந்தால் ஆஸ்ட்ரோசைட்டோமா என்று அதோடு முடித்திருக்கலாம். அண்ணனுக்கு இழப்பு இல்லை. ஆகவே 1பி/19கியூ பார்த்தே ஆக வேண்டும். ஒன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையும் (1பி) பத்தொன்பதாம் குரோமோசோமின் நீளக் கையும் (19கியூ) சேர்ந்து காணாமல் போயிருந்தால் அது ஒலிகோ. ஃபிஷ் டெஸ்ட்டில் இதை இருட்டில் ஒளிரும் புள்ளிகளாக எண்ணுகிறோம். ஒரு செல்லில் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை இருக்க வேண்டிய இடத்தில், பச்சை இரண்டும் சிவப்பு ஒன்றுமாக இருக்கிறதா என்று நூறு செல் வரை எண்ணிப் பார்ப்போம்; சிவப்பு குறைந்திருந்தால் அந்தக் கை காணவில்லை என்று அர்த்தம்.

ஒலிகோ என்று வந்தால் கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் நன்றாகக் கட்டுப்படும்; பத்து வருடங்களைத் தாண்டி வாழ்பவர்கள் பலர். ஆஸ்ட்ரோசைட்டோமா என்று வந்தால் சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதன் இரண்டு பிரதியும் இல்லையென்றால், செல்கள் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் கட்டி கிரேடு 4 ஆகிவிடும். இரண்டில் எதுவானாலும், ஐடிஎச் மாற்றம் உள்ள கிரேடு 2 கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி தந்திருக்கிறது. உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் அதைப் பற்றியும் கேட்கலாம்.

டெஸ்ட்டுக்காக மறுபடி ஆபரேஷன் வேண்டாம். திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக் ஆஸ்பத்திரி லேபில் இருக்கும். எழுதிக் கொடுத்தால் தருவார்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துப் போய் லேபில் நிற்காதீர்கள். பிளாக், கண்ணாடி ஸ்லைடுகள், எம்ஆர்ஐ மூன்றும் வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பிளாக்கை வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். அப்புறம், கூரியரில் அனுப்புவதைவிட வீட்டில் ஒருவர் கையில் கொண்டுபோவது நல்லது.

ஃபிஷ் முடிவு வந்ததும் திசுவைப் பரிசோதித்து முதல் ரிப்போர்ட் எழுதிய டாக்டரிடமே (பத்தாலஜிஸ்ட்) கொண்டுபோய், இரண்டையும் சேர்த்து ஒரே இறுதி ரிப்போர்ட்டாக எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய உட்காரும்போது டாக்டர் முன்னால் இருக்க வேண்டிய காகிதம் அதுதான்.