தேய்த்தால் தடிக்கும் பழுப்புப் புள்ளிகள்

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம் ஆகிறது. நான்காம் மாதத்தில் மார்பிலும் முதுகிலும் தோன்றிய பழுப்புப் புள்ளிகள் இப்போது 30-க்கு மேல் ஆகிவிட்டன. குளிப்பாட்டித் துவட்டியதும் அவை சிவந்து, கொசு கடித்ததுபோலத் தடிக்கின்றன. தோல் மருத்துவர் இதனை ‘மாஸ்டோசைட்டோசிஸ்’ என்றார். இது ரத்தப் புற்றுநோயைச் சேர்ந்தது என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை. 9-ஆம் மாதத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

பதில்: உங்கள் உறக்கத்தைக் கெடுத்த செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். பெரியவர்களுக்கு வரும் மாஸ்டோசைட்டோசிஸ் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையையும் பாதிப்பதால், மருத்துவ நூல்கள் இந்நோயை ரத்தம் சார்ந்த நோய்களோடு சேர்த்து வகைப்படுத்துகின்றன. நீங்கள் படித்தது அதுவாக இருக்கக்கூடும். ஆனால் 2 வயதுக்குள் தொடங்கும் நோய் ஏறத்தாழ எப்போதும் தோலோடு நின்றுவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பருவ வயதை எட்டுவதற்குள் புள்ளிகள் மங்கிவிடுகின்றன அல்லது முற்றிலும் மறைந்துவிடுகின்றன.

நம் எல்லோருடைய தோலிலும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. ஒவ்வாமையின்போது அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்களைச் சேமித்து வைத்திருப்பவை அவையே. உங்கள் மகளுக்கு அந்தச் செல்கள் சில இடங்களில் அளவுக்கு மீறிக் குவிந்துள்ளன. கருவில் செல்கள் பெருகும்போது ‘கிட்’ என்னும் மரபணுவில் தானாக நேரும் மாற்றமே பெரும்பாலும் இதற்குக் காரணம். அபூர்வமாகவே இது குடும்ப வழியில் வருகிறது. கர்ப்ப காலத்தில் நீங்கள் உண்ட எதனாலும் வந்ததன்று, பிறருக்குத் தொற்றவும் தொற்றாது.

தேய்த்த இடம் தடிப்பதை டேரியர் அறிகுறி என்போம். மருத்துவர் நோயைக் கண்டறிய ஒரு புள்ளியை ஒருமுறை மெல்லத் தேய்த்துப் பார்ப்பார். வீட்டுக்கு வரும் உறவினர்கள் ஒவ்வொருவரும் அதைச் செய்து பார்க்க அனுமதிக்காதீர்கள். நம் வீடுகளில் குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து உருவி, பயத்தமாவு போட்டுத் தேய்த்து, சுடச்சுட நீரூற்றும் வழக்கம் அன்பினால் வந்ததே என்றாலும், இந்தக் குழந்தைக்கு உராய்வும் சூடும் ஒருசேரக் கேடு செய்பவை. வெதுவெதுப்பான நீர் போதும்; துவாலையால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்; தளர்வான பருத்தி உடை அணிவியுங்கள். அரிப்பு இருந்தால், எடைக்கேற்ற அளவில் செட்டிரிசின் போன்ற மருந்தை உங்கள் மருத்துவர் எழுதித் தருவார்.

மருந்துகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், கோடீன் ஆகியவையும், இருமல் மருந்துகள் சிலவற்றில் கலந்துள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் மாஸ்ட் செல்களைத் தூண்டக்கூடும் என்பதால், மருந்துக் கடையில் தாமாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. அறுவை சிகிச்சை எதற்கேனும் மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், மயக்க மருந்து நிபுணரிடம் இந்நோயை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். தட்டம்மை இந்தப் புள்ளிகளைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. ஊசி போடுபவரிடம் நோயைத் தெரிவித்து, அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்தில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரமாவது அங்கேயே காத்திருங்கள்.

மாஸ்ட் செல்கள் வெளியிடும் ‘ட்ரிப்டேஸ்’ என்னும் நொதியின் அளவை ரத்தத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. அது மிகுதியாக இல்லாமல், கல்லீரலும் மண்ணீரலும் வீங்காமல், ரத்த அணுக்களும் சரியாக இருந்தால், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை இந்த வயதில் தேவைப்படுவதில்லை. பருவ வயதைக் கடந்தும் புள்ளிகள் நீடித்தால் அப்போது மீண்டும் ஆராய வேண்டும்.

முதல் 2, 3 ஆண்டுகளில் புள்ளிகளின் மேல் நீர்க்கொப்புளம் வரலாம். பரவலாக வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உடல் முழுவதும் திடீரெனச் சிவந்து, குழந்தை வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, துவண்டு போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கு அட்ரினலின் ஊசி தேவைப்படலாம். நோயின் பெயரையும் தவிர்க்க வேண்டிய மருந்துகளையும் ஓர் அட்டையில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள்.