குற்றாலத்தில் சாரல் விழும்போது மிரிஸ்ஸவுக்குப் போகாதீர்கள்

கேள்வி: அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. இலங்கையில் ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கம் ஒரு வாரம் சும்மா கிடந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம். மே கடைசியில் அறை வாடகை பாதிக்குப் பாதி குறைவாகக் காட்டுகிறது. இப்போதே பணம் கட்டிவிடலாமா? (வள்ளியூர்)

பதில்: கட்டாதீர்கள். அந்த மலிவுக்குக் காரணம் கடல். நமக்குக் குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குப் பருவக்காற்று, இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் நேராக மோதுகிறது. மே கடைசி முதல் செப்டம்பர் வரை ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ, வெலிகம எல்லாமே கலங்கிய தண்ணீரும் பெரிய அலையுமாக இருக்கும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கரையில் நின்று பார்த்தால் தெரியாது. பிள்ளைகளை முழங்கால் ஆழத்தில் விடுவதற்கே யோசிக்க வேண்டும்.

அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா, பொத்துவிலை ஒட்டிய அறுகம்பே மூன்றுக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு எங்கள் தேர்வு பாசிக்குடா. அங்கே கடல் வெகுதூரம்வரை இடுப்பளவு ஆழம்தான், அலையும் மெத்தென்று வரும். அறுகம்பே அலைச்சறுக்கு ஆட்களின் ஊர். பிள்ளைகள் குளிக்க அவ்வளவு தோதில்லை. கிழக்கில் இன்னொரு வசதி, கடைக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் தமிழிலேயே பேரம் பேசலாம்.

அரையாண்டு லீவில் போவதானால் கணக்கு தலைகீழ். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்குக் கரைக்குப் போங்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை நனைத்துக்கொண்டிருக்கும். தாய்லாந்திலும் இதே கதைதான். கிராபி, கோ லாந்தா, புக்கெட் இருக்கும் அந்தமான் பக்கத்துக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். மழைக்காலத்தில் தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகள் பல நின்றுவிடும், கோ லாந்தாவில் சிறு விடுதிகள் பூட்டிக் கிடக்கும். கோ சமூய் இருக்கும் வளைகுடாப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதிலும் நவம்பர் மோசம்.

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. கொழும்புக்கு மதுரையில் ஏறலாம், திருவனந்தபுரத்திலும் ஏறலாம். வள்ளியூர்க்காரருக்குத் திருவனந்தபுரம் பக்கம். இரண்டு ஊர் விலையையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: அறையை எல்லா நாளுக்கும் இங்கிருந்தே புக் செய்வது நல்லதா, அங்கே போய்ப் பார்த்து எடுப்பதா? (பாளையங்கோட்டை)

பதில்: முதல் இரண்டு இரவையும் கடைசி ஓர் இரவையும் இங்கிருந்து போடுங்கள். நடுவில் உள்ள நாட்களை அங்கே நடந்து பார்த்து எடுக்கலாம். இந்த மாதிரிச் சின்ன ஊர்களில் நான்கு தெரு தள்ளினால் வாடகையும் மாறும், சத்தமும் மாறும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அப்போது முழுவதும் முன்பதிவுதான்.

புக்கிங்கில் ‘திரும்பக் கிடைக்காத கட்டணம்’ என்றால் பத்து சதவீதம்போலக் குறைத்துக் காட்டுவார்கள். அதில் மயங்க வேண்டாம். கடல் கெட்டுப்போனால் ஊர் மாறுவதற்கு வழி வேண்டும்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். இலங்கையில் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதன்மேல் வாட் 18 சதவீதம். பத்தாயிரம் ரூபாய் அறை கடைசியில் 12,980 ஆகும். சிறு விருந்தினர் இல்லங்களில் பெரும்பாலும் சொன்ன விலையே விலை. ஆனால் ஏசிக்கும் காலை உணவுக்கும் தனியாகக் கேட்பதுண்டு.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொழும்பிலிருந்து காலி வழியாக மாத்தறை போகும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் கரையை ஒட்டியே ஓடுகின்றன. ‘கடலிலிருந்து ஐம்பது மீட்டர்’ என்ற விடுதிக்கும் கடலுக்கும் நடுவே இரவெல்லாம் பஸ் ஓடலாம். அந்த ரயிலில் ஏறிப் போவது வேறு விஷயம். கொழும்பு கோட்டையிலிருந்து காலி வரை சுமார் இரண்டரை மணி நேரம், கடல் பார்க்க வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்.

கேள்வி: கையில் பணமாகக் கொண்டுபோகவா, கார்டு போதுமா? யுபிஐ அங்கே எடுக்கும் என்று எங்க அத்தான் சொல்லுதாக. (அம்பாசமுத்திரம்)

பதில்: அத்தான் சொல்வது பாதி சரி. யுபிஐ 2024 பிப்ரவரியில் இலங்கையில் தொடங்கியது. செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள் இயக்கியிருக்க வேண்டும், கடைக்காரரின் கியூஆர் பலகையும் அதற்குரியதாக இருக்க வேண்டும். கடற்கரையில் இளநீர் விற்பவரிடம் இதை நம்பிப் போகாதீர்கள். தாய்லாந்துக்குக் கையில் பணமும் ஒரு கார்டும் வேண்டும்.

கார்டை வெளிநாட்டுக்குத் திறந்துவிடும் வேலையை ஊரிலேயே முடியுங்கள். வங்கிச் செயலியில் அந்தப் பொத்தான் அணைந்தே இருக்கும். அங்கே போய்த் திறக்கலாம் என்றால், ரோமிங் இல்லாமல் ஓடிபி வரும் சிம் வேலை செய்யாது. அடுத்தது மார்க்கப், அதாவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணம். பல கார்டுகளில் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். பத்தாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் 350, அதற்கு வரி 63, ஆக 413 ரூபாய் கூடுதல்.

இதைவிடப் பெரிய ஓட்டை கார்டு மெஷினில் இருக்கிறது. கார்டைச் செருகியதும் திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று அந்த ஊர்ப் பணத்தில், ஒன்று இந்திய ரூபாயில். நமக்குப் புரிகிற எண் என்று ரூபாயைத் தொட்டால், மாற்று விலையை மெஷின்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வார். சில வங்கிகள் அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தொடுங்கள். கடைக்காரர் தானே அமுக்கிவிட்டால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம், 10,000 எடுத்தால் 2.2 சதவீதம். எடுப்பதானால் ஒரே தடவையாக எடுங்கள். இங்கிருந்து டாலராகக் கொண்டுபோனால் 100 டாலர் தாளாக, பேனாக் கிறுக்கலும் கிழிசலும் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே மாற்றுக் கடைகளின் பலகையில் 100, 50 தாளுக்கு ஒரு விலை, சிறிய தாள்களுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று எழுதியிருக்கும். நம் ஊர் டீலர் சில்லறையாகத் தள்ளிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

வியட்நாம் போகிறவர்களுக்கு ஒரு வரி: 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டும் நீல நிறம். இருட்டில் டாக்சிக்குக் கொடுக்கும்போது சுழியங்களை எண்ணுங்கள்.

கேள்வி: கோ லாந்தாவில் ஸ்கூட்டர் எடுக்க நம்ம ஊர் லைசென்ஸ் போதுமா? கடைக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வாராமே? (திசையன்விளை)

பதில்: நம் லைசென்ஸை மட்டும் காட்டினாலும் கடையில் வண்டி கொடுத்துவிடுவார்கள். சிக்கல் போலீசாரிடம் வரும், அதைவிட இன்சூரன்சில் வரும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுங்கள். பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் விண்ணப்பித்து ஆர்டிஓ அலுவலகம் வழியாகப் பெறலாம், கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். உங்கள் லைசென்சில் கியர் பைக் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கார் பிரிவு மட்டும் இருந்தால் அனுமதிப் புத்தகத்திலும் பைக் கட்டம் காலியாகத்தான் வரும். பயண இன்சூரன்ஸ் நிறுவனம் கிளைமை மறுக்கும்போது முதலில் நீட்டும் தாள் அதுதான். குடித்துவிட்டு ஓட்டியதற்கும் ஹெல்மெட் இல்லாததற்கும் அதே கதி.

இந்த அனுமதி எல்லா நாட்டிலும் செல்லாது. இந்தியா தருவது 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி. தாய்லாந்து ஏற்கும். வியட்நாம் 1968 வியன்னா உடன்படிக்கையின் அனுமதியை மட்டுமே ஏற்பதால், அங்கே நம் புத்தகத்தோடு ஸ்கூட்டர் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. போதாக்குறைக்கு அங்கே வலப்பக்கப் போக்குவரத்து. இலங்கையில் அனுமதிப் புத்தகத்தோடு அந்நாட்டு ஒப்புதலோ தற்காலிக உரிமமோ வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். நகலும் ரொக்க முன்பணமும் கொடுத்து எடுக்கும் கடைகள் இருக்கின்றன, இரண்டு கடை ஏறி இறங்கினால் கிடைத்துவிடும். பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருந்தால், பழைய கீறலுக்குக்கூட அவர் சொல்வதுதான் விலை.

வண்டியை வாங்கியதும் கடைக்காரர் நிற்கும்போதே ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். முன் மட்கார்டின் கீழ்ப்பக்கம், இரண்டு கண்ணாடி, பிரேக் லீவர் நுனி, சைலன்ஸர் மூடி, சீட்டுக்கு அடியில், கடைசியாகப் பெட்ரோல் முள். கீறல் வழக்கு வருவது இந்த இடங்களில்தான். இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். இறங்கும்போது இடப்பக்கமாக இறங்குங்கள். அரை டவுசரோடு வலப்பக்கம் இறங்கி, சைலன்ஸரில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொள்வது இந்தத் தீவுகளில் சாதாரணம். புண்ணோடு கடலில் இறங்கவும் முடியாது, மிச்ச விடுமுறை அவ்வளவுதான்.

வெலிகமவில் அலைச்சறுக்குப் பலகை எடுக்கிறவர்களுக்கும் இதே வீடியோ முறைதான். பலகையின் ஓரமும் அடியில் உள்ள துடுப்புகளும் முக்கியம்.

கேள்வி: சன்ஸ்கிரீன், டிரை பேக் எல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டு போகட்டுமா? (சுரண்டை)

பதில்: சன்ஸ்கிரீன் இங்கேயே வாங்குங்கள், ஆனால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு. தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினோக்ஸேட், 4-மெத்தில்பென்சிலிடின் கேம்பர், பியூட்டைல்பாரபென் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை. பவளப் பாறைக்குக் கேடு என்பது காரணம், அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாகப் பாருங்கள். ‘பவளத்துக்கு நல்லது’ என்று முன்பக்கம் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், பின்பக்கப் பட்டியல்தான் கணக்கு.

உடம்பு முழுவதும் ஒரு தடவை பூச சுமார் 30 மில்லி பிடிக்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். 50 மில்லி டியூப் ஒருவருக்கு ஒரு முற்பகல்கூட வராது. ஆகவே முழுக்கை நீச்சல் சட்டை வாங்குவது லாபம். நைலான், ஸ்பான்டெக்ஸ் கலந்த துணியாக இருக்கட்டும். பருத்திச் சட்டையும் சுடிதாரும் தண்ணீர் குடித்து ஈயக்குண்டாகக் கனக்கும், துப்பட்டா அலையில் கழுத்தைச் சுற்றும். திருச்செந்தூரில் கரையோரம் முங்கி எழுவதற்குச் சரி, அலையில் நிற்பதற்குச் சரியில்லை.

டிரை பேக், அதாவது தண்ணீர் புகாத பை, 10 லிட்டர் போதும். வாயை மூன்று தடவையாவது இறுக்கிச் சுருட்டிய பிறகே கொக்கியைப் பூட்ட வேண்டும். நிறைய அடைத்தால் சுருட்ட இடம் இராது, அப்படித்தான் தண்ணீர் ஏறுகிறது. வாங்கிய அன்றே உள்ளே செய்தித்தாளை வைத்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்.

கேள்வி: தாய்லாந்துக்கு ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்பப் போனால் பணம் கேட்கிறது. கட்ட வேண்டுமா? (தென்காசி)

பதில்: வேண்டாம். டிடிஏசி என்ற அந்த டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம், ஆனால் இலவசம். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். நீங்கள் பார்த்தது இடைத்தரகர் தளம். தாய்லாந்து அரசுத் தளத்தின் முகவரி ‘கோ டாட் டிஎச்’ என்று முடியும்.

கேள்வி: ஏஜென்டிடம் பேக்கேஜ் எடுத்தோம். கடலோர ஹோட்டல் என்று சொல்லி, ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தங்கவைத்தார்கள். திரும்பி வந்து கேட்டால் ‘இணையான ஹோட்டல்’ என்று போட்டிருக்கிறதே என்கிறார். டிசிஎஸ் என்று வேறு பிடித்திருக்கிறார். (சங்கரன்கோவில்)

பதில்: டிசிஎஸ் என்பது ஏஜென்ட் உங்களிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, போன பணம் அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம். அவர் பான் எண்ணைச் சரியாக ஏற்றியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

‘இணையான’ என்ற சொல் எல்லாவற்றையும் காப்பாற்றாது. கடலோரம் என்று விளம்பரத்திலோ வாட்ஸப்பிலோ எழுதிக் கொடுத்திருந்தால் அது வாக்குறுதி. அந்தச் செய்தி, ரசீது, ஹோட்டல் பெயருள்ள பில், வரைபடத்தில் தூரம் காட்டும் படம் நான்கையும் சேர்த்து வையுங்கள். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், 15 நாள் கெடு. அசையாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்ட் சென்னையில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை.

அடுத்த தடவை பேக்கேஜ் எடுத்தால் ஹோட்டல் பெயரை எழுதி வாங்குங்கள். நகைக்கடைக்கும் மூலிகைத் தோட்டத்துக்கும் ‘இலவசமாக’ அழைத்துப்போவது நிரலில் இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். அது கமிஷன் வண்டி, உங்கள் கடல் குளியலில் இருந்துதான் அந்த நேரம் போகிறது.

கேள்வி: அல்வா, ஊறுகாய், பவர் பேங்க்? (மேலப்பாளையம்)

பதில்: ஊறுகாய் கைப்பையில் கூடாது. அல்வாவும் நெய் வடியும் பண்டம், பெரிய பெட்டியிலேயே போடுங்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில் மட்டும்தான். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், 100 என்ற வரம்புக்குள் வந்துவிடும். எண் அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இலங்கைக்குக் கருவாடு மட்டும் கட்டாதீர்கள், அங்கே அது தெருவுக்குத் தெரு கிடைக்கும்.