ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை விற்றார்களா? – கேள்வி பதில்

சார், அடிமை வியாபாரத்துக்காக வெள்ளைக்காரன் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் புகுந்து ஆள் பிடித்தான் என்றுதான் படித்தோம். அங்கிருந்த ராஜாக்களே விற்றார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1440களில் போர்ச்சுக்கீசியர் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கித் தாங்களே ஆள் பிடித்தார்கள். திருப்பி அடி விழவே, விலைக்கு வாங்கும் வழிக்கு மாறினார்கள். அதன்பின் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளில் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோரை உள்நாட்டில் பிடித்து, கரைவரை நடத்திக் கொண்டுவந்தவர்கள் ஆப்பிரிக்கர்களே. ஐரோப்பியர் உள்ளே போனால் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் ஆளைத் தின்றுவிடும், அரசர்களும் விடமாட்டார்கள். கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள்கூட உள்ளூர்த் தலைவர்களுக்கு நிலவாடகை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சொந்த ஜனத்தையே விற்க எப்படி மனசு வந்தது?

அவர்கள் கணக்கில் அது சொந்த ஜனமே இல்லை, அம்மா. இன்றைய பெனின் நாட்டில் இருந்த தாகோமே அரசின் மன்னன் அகாஜா, 1727இல் அங்கே கரையிலிருந்த விதா துறைமுகத்தைப் பிடித்தான். அந்தக் கரையில் விலைபோனவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து நாடுகளில் போரிலும் கொள்ளையிலும் சிக்கியவர்கள். "நாமெல்லாம் ஆப்பிரிக்கர்" என்ற எண்ணம் அன்றைக்கு யாருக்கும் இல்லை.

அயூபா சுலைமான் தியாலோவின் கதையைப் பாருங்கள். இன்றைய செனகலில் உள்ள பூந்து நாட்டு இமாமின் மகன். 1730 வாக்கில் இரண்டு அடிமைகளை விற்றுக் காகிதம் வாங்கிவர அப்பா அவரை காம்பியா ஆற்றுக்கு அனுப்பினார். பைக் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவனோடு விலை படியவில்லை. ஆற்றைக் கடந்துபோய் இருவரையும் மாடுகளுக்கு மாற்றிக்கொண்டார். திரும்பும் வழியில் மண்டிங்கா என்ற இனத்து ஆட்கள் அவரையே மடக்கினார்கள். போர்க்கைதிபோல் தெரியட்டும் என்று தலையையும் தாடியையும் மழித்து, அதே பைக்கிடம் விற்றுவிட்டார்கள்! மீட்கச் சொல்லி அப்பாவுக்குத் தகவல் போனது. பதில் வருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு புகையிலைத் தோட்டம். அரபியில் எழுதிய ஒரு கடிதம் லண்டன் கனவான்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததால் விடுதலை கிடைத்து, 1734இல் ஊர் திரும்பினார். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வாய்க்காத அதிர்ஷ்டம் அது.

அப்படியானால் ஐரோப்பியர்மேல் மட்டும் பழி போடுவது அநியாயம்தானே ஐயா?

இந்தக் கேள்வியைப் பலர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை, கணக்கை முடித்துவிடுவதற்காகக் கேட்கிறார்கள். விற்றவன் குற்றவாளி என்பதால் வாங்கியவன் எப்படி யோக்கியன் ஆவான்? கப்பல், முதலீடு, காப்பீடு, கரும்புத் தோட்டம் எல்லாம் ஐரோப்பியருடையவை. ஆப்பிரிக்காவில் அடிமைமுறை முன்பே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பல இடங்களில் அடிமையின் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பத்தோடு கலந்துவிட முடிந்தது. தோட்டங்களிலோ தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, பேரனும் அடிமை.

மத்திய ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த கொங்கோ நாட்டின் அரசர் முதலாம் அஃபோன்சோவும் கைதிகளை விற்றவர்தான். அவரே 1526இல் போர்ச்சுக்கல் மன்னருக்கு எழுதுகிறார்: வியாபாரிகள் எங்கள் பிரபுக்களின் பிள்ளைகளையும் என் உறவினரையும்கூடப் பிடித்துப் போகிறார்கள், நாடே காலியாகிறது என்று. வாசலைத் திறந்துவிட்ட பிறகு யார் நுழையலாம் என்பது அவர் கையில் இல்லை. துப்பாக்கியும் வெடிமருந்தும் சரக்காக வந்து இறங்க இறங்க, ஆள் பிடிக்காத நாடு ஆள் பிடிக்கும் நாட்டுக்கு இரையாகும் நிலை பல இடங்களில் வந்தது.

இன்னொன்று: பிரிட்டன் 1833இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு ஒதுக்கியது. அது போனது முதலாளிகளுக்கு. அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை.

யாருமே எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். ஏறக்குறைய பத்துக்கு ஒரு கப்பலில் கலகம் வெடித்தது என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. பெனின் நாட்டில் கன்வியே என்று ஒரு ஊர், ஏரி நடுவே மரக்கால்கள்மேல் நிற்கிறது. ஆள் பிடிக்க வந்தவர்களிடமிருந்து தப்பி ஓடியவர்கள் கட்டியது.

அண்ணா, நம்ம பக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு தம்பி. ஆட்களுக்கு விலையாகக் கொடுத்த சரக்கில் இந்தியத் துணிக்குப் பெரிய இடம். சோழமண்டலக் கரையில் நெய்ததும் அதில் உண்டு. மாலத்தீவுச் சோழிகள் ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்கா போய்ப் பணமாகப் புழங்கின. நெய்தவருக்குத் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

விற்றவர்களின் வாரிசுகள் இன்றைக்கு என்ன சொல்கிறார்கள்?

பெனின் அதிபர் மத்தியூ கெரெக்கூ 1999இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஊருக்குள் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. விதாவில் கொடிகட்டிப் பறந்த பிரேசில்காரத் தரகர் பிரான்சிஸ்கோ ஃபெலிக்ஸ் டி சோசா 1849இல் இறந்தார். அவர் வம்சத்தார் இன்றும் அங்கே மதிப்புள்ள குடும்பம். தாகோமே அரசன் அவருக்குத் தந்த 'சாச்சா' என்ற பட்டத்தையும் விடவில்லை.