கறுப்பு உடை போட்டால் விசுவாசம் போய்விடுமா?

ஞானஸ்நானம் எடுத்த பிறகும் கறுப்பு உதட்டுச்சாயம், கறுப்புப் பூட்ஸ், தலைகீழ்ச் சிலுவை தொங்கும் வெள்ளிச் சங்கிலி என்று காத் (Goth) பாணியில் உடுத்துவதால், சபையில் ஒரு அக்கா 1 பேதுரு 3:3-ஐக் காட்டிக் கண்டித்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள், சகோதரி. அதில் வருவது பின்னிய கூந்தல், பொன்னாபரணம், உயர்ந்த வஸ்திரம். கறுப்பு நிறம் எங்கேயும் இல்லை. அதை அப்படியே சட்டமாக எடுத்தால் முதலில் மாட்டுவது தங்க வளையலும் ஞாயிறு பட்டும்தான்! பல சபைகளில் குருமார் அங்கியே கறுப்புதானே. யோவான் ஸ்நானகன் ஒட்டகமயிர் உடையும் வார்க்கச்சையுமாகத் திரிந்தவர். அவர் காலத்திலேயே அது வழக்கமான உடையாக இருந்திருக்காது.

காத் என்பது 1970-களின் கடைசியில் பிரிட்டனில் போஸ்ட்-பங்க் என்ற ராக் இசை வகையை ஒட்டி வளர்ந்த பாணி. அது ஒரு மதம் அல்ல.

சரி, நகை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். தலைகீழ்ச் சிலுவை பேதுருவின் அடையாளம். அவர் தலைகீழாக அறையப்பட்டார் என்பது பழைய மரபு. ஆனால் இன்று பலர் அதைப் பார்த்ததும் சாத்தான் என்றுதான் நினைப்பார்கள். ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? நானாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, பூட்ஸை வைத்துக்கொள்வேன்.

அப்புறம், அந்த அக்காவிடம் வசனத்துக்கு வசனம் மல்லுக்கு நிற்காதீர்கள். ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுங்கள். உடையைத் தாண்டி உங்களைத் தெரிந்துகொள்ள அவருக்கும் கொஞ்சம் நாளாகும்.