சொந்தப் பேரை ஏன் போடறதில்ல?

கேள்வி: இப்ப எழுதுற பெண்கள்ல முக்கால்வாசிப் பேர் புனைபெயர்லதான் எழுதுறாங்க. இவ்ளோ துணிச்சலா எழுதுறவங்க சொந்தப் பேரைப் போட வேண்டியதுதானே, ஏன் ஒளிஞ்சுக்கணும்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: முக்கால்வாசின்னு எப்படி எண்ணுனீங்களோ, போகட்டும். ரங்கராஜன்னு ஒருத்தர் மனைவி பேரைப் போட்டு சுஜாதான்னே ஆயுசு பூரா எழுதினாரு, அவரைப் பார்த்து 'ஏன் சார் ஒளிஞ்சுக்கிட்டீங்க'ன்னு யாராச்சும் கேட்டிருக்காங்களா? ஆம்பளை வெச்சுக்கிட்டா புனைபெயர், பொம்பளை வெச்சுக்கிட்டா முக்காடு, அப்படித்தானே?

கவிஞர் சல்மாவை எடுத்துக்குங்க, அது புனைபெயர்தான். ஊர் துவரங்குறிச்சி. ஒன்பதாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள்ள வெச்சுட்டாங்க, அப்புறம் கல்யாணம், போன வீட்லயும் எழுதக் கூடாது. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் டாய்லெட்டுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டு, அது என்ன உக்காந்து எழுதுற இடமா, நின்னுக்கிட்டே கையில கிடைச்ச துண்டுப் பேப்பர்ல எழுதி, அதைத் துணிக்கு நடுவுல செருகி வெச்சு, அம்மா வர்றப்போ அம்மா கையில குடுத்துவிட்டு, அப்படித்தான் அந்தக் கவிதைங்க வெளிய வந்துச்சு. சொந்தப் பேரைப் போட்டிருந்தா அச்சுல வந்த முதல் கவிதையே கடைசிக் கவிதையா ஆகியிருக்கும். 2000-ல வந்த முதல் தொகுப்பும் கிடையாது, 2004-ல வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலும் கிடையாது. அந்தம்மா ஒளிஞ்சது உங்களுக்குப் பயந்து இல்ல சார், பக்கத்து ரூம்ல படுத்திருந்தவங்களுக்குப் பயந்து.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. 2001-ல பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்குன்னு ஆயிடுச்சு, நிறுத்த ஒரு பொம்பளை வேணும், அதே வீடு அதே மருமகளை ஓட்டு கேக்க தெருவுக்கு அனுப்புச்சு. ஜெயிச்சும் காட்டினாங்க.

சரி, பேரை மறைக்காம எழுதுறவங்களை மட்டும் விட்டு வெச்சோமா? ரேவதிங்கிற தன் பேருக்கு முன்னாடி ஒரு 'குட்டி'யைச் சேர்த்துக்கிட்டு குட்டி ரேவதியா எழுதுற சித்த மருத்துவர், 2002-ல 'முலைகள்'னு கவிதைத் தொகுப்பு கொண்டு வந்தாங்க. உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு புரட்டக்கூட இல்லாம அட்டையைப் பார்த்ததுமே வசவு, மிரட்டல். பாமா புனைபெயர்லதான் தன் வாழ்க்கையையும் சொந்த ஊரையும் வெச்சு 'கருக்கு' எழுதினாங்க (1992), ஆனா ஊர்க்காரங்களுக்குத் தெரியாமலா போச்சு, மாசக்கணக்குல சொந்த ஊருக்குள்ளயே கால் வைக்க முடியல. புனைபெயர் அவ்ளோ பெரிய மறைப்பு ஒண்ணும் இல்லீங்க, கொஞ்ச நாள் தாங்கும், அந்தக் கொஞ்ச நாள்ல எழுதி முடிச்சுடணும்.

2025-ல ராஜ்யசபா வேட்பாளரா சல்மாவைத் தி.மு.க. அறிவிச்சப்போ பேரை எப்படிப் போட்டாங்க தெரியுமா, 'ரொக்கையா மாலிக் என்கிற கவிஞர் சல்மா'. டாய்லெட்டுல வெச்சுக்கிட்ட பேருதான் டெல்லி வரைக்கும் போயிருக்கு.

அப்புறம், உங்க லெட்டரோட கடைசி வரியில 'என் பெயரை வெளியிட வேண்டாம், ஆபீஸில் பிரச்சினை வரும்'னு எழுதியிருக்கீங்க. போடலை.