தேங்காய்க்கு ரசீது இல்லை

அன்புள்ள அண்ணா,

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், அப்பாவுக்குத் தக்காளி விவசாயம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றில் முழுநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பகுதி நடுகற்கள்தான் தலைப்பு. உதவித்தொகை எதுவும் இல்லை. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வை இரண்டு முறை எழுதினேன். உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, அதே தேர்வில் வரும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. வரும் தையில் முப்பது முடிகிறது, இனி அதற்கும் வழியில்லை. தக்காளி விலை விழுந்த வாரத்தில் அப்பாவிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்க வாய் வரவில்லை. ஓசூரில் ஒரு பள்ளியில் வேலை இருக்கிறது. பார்ட் டைமுக்கு மாறிவிடலாமா என்று துறையில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். "பணத்தை நினைக்கிறவங்களுக்கு ஆராய்ச்சி எதுக்கும்மா" என்றார். இரண்டு நாள் தூக்கமில்லை. அவர் சொன்னது சரிதானா?

ம.

அன்புள்ள தங்கைக்கு,

சரியில்லை. அப்படிச் சொன்னவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது. அவர் பணத்தை நினைக்க வேண்டியதில்லை, அவருக்காக அரசாங்கமே நினைத்துக்கொள்கிறது.

முதலில் ஒரு நல்ல சேதி. முப்பதோடு முடியவில்லை. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30தான், ஆனால் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. 35 வரைக்கும் எழுதலாம். ஆண்டுக்கு ஜூன், டிசம்பர் என்று இரண்டு தேர்வு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதை இரண்டு வருடமாக உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். நம் கல்லூரிகளில் கோப்பு எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், விதி என்ன என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து இந்தச் சொல். உதவித்தொகை, ஊக்கத்தொகை, நல்கை. மூன்றிலும் கொடுப்பவர் கை மேலே இருக்கிறது. உங்கள் வயலில் தக்காளி பறிக்க வருகிறவர்களுக்குச் சாயங்காலம் கொடுப்பதை யாராவது ஊக்கத்தொகை என்கிறோமா? கூலி என்கிறோம். அது இல்லையென்றால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள், அவர்களுக்குத் தோட்டத்தின் மேல் அன்பில்லை என்று யாரும் பேசுவதுமில்லை. நீங்கள் செய்வதும் வேலை. வேலைக்கு வருவது கூலி. இதை மனதில் வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதினால் கை கூசாது.

அது என்ன மாதிரி வேலை என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பென்னாகரம் பக்கம் ஒரு நண்பரோடு மைப்படி எடுக்கப் போனேன். ஆளுயரக் கல், கையில் வில்லோடு வீரன், தலைக்கு மேலே நாலு வரி எழுத்து. ஊர்க்காரர்களுக்கு அது வேடியப்பன் சாமி. பூசை போடாமல் தொட விடமாட்டோம் என்றார் ஒரு பெரியவர். தேங்காய், கற்பூரம், வாழைப்பழம் வாங்க மூன்று கிலோமீட்டர் திரும்பி வந்தோம். பிறகு கல்லைத் தண்ணீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தட்டித் தட்டி, மை ஒற்றி எடுத்தார். நடுவில் காற்றடித்து ஒரு தாள் கிழிந்தது. மறுபடி முதலிலிருந்து. நாலு வரிக்கு ஒரு பகல் போயிற்று.

நண்பருக்கு ஜே.ஆர்.எஃப். இருந்தது. கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டும் ஆண்டுக்கு 10,000 ரூபாய் கண்டிஞ்சன்சி, அதாவது சில்லறைச் செலவுக்கான தொகை. அதில் அன்றைய செலவை எழுதினார். தாளுக்கு ரசீது இருந்தது, மைக்கு இருந்தது. தேங்காய்க்கு இல்லை. வேடியப்பன் கணக்கு தணிக்கையில் நிற்காது என்று அலுவலகத்தில் அடித்துவிட்டார்கள். அவர் பாடாவது தேங்காய்க் காசோடு போயிற்று. உங்களுக்குத் தாளும் மையும் பஸ்ஸும்கூடச் சொந்தக் காசு.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். நானும்தான். அதே மண்ணில் கல்லைத் தேடி அலைகிற பிள்ளைக்குப் பஸ் காசு யார் தருவது என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். என்கிற அடுத்த நிலைக்குப் போனால் 42,000. அது கிடைக்காதவர்களுக்கு யூ.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தரும் நெட் அல்லாத உதவித்தொகை மாதம் 8,000, பத்து வருடத்துக்கும் மேலாக அதே 8,000. 2015இல் அதையும் நிறுத்தப் பார்த்து, டெல்லியில் மாணவர்கள் யூ.ஜி.சி. அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தொடர்ந்தது. அதுவும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். இதே நடுகற்களைத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு ஆராய்ந்தால் 8,000, நடுகல் நிற்கிற மாவட்டத்திலிருந்தே ஆராய்ந்தால் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுக்கென்று முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. மாதம் 25,000, மூன்று ஆண்டு, ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுக்கிறது. இடங்கள் நூற்றுச் சொச்சம்தான். அறிவிப்பு வருகிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். வரலாறு என்பதால் ஐ.சி.எச்.ஆர். என்கிற இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்துக்கும் போடலாம். அதற்கு ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டும், உங்கள் தலைப்பு அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. உங்கள் பிரிவு என்ன என்று நான் கேட்கவில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. பிற்படுத்தப்பட்டவர் என்றால் மத்திய அரசின் ஓ.பி.சி. உதவித்தொகை நெட் மதிப்பெண்ணை வைத்தே வருகிறது.

நெட்டில் உங்களை எது இழுக்கிறது என்று எழுதவில்லை. எல்லாப் பாடத்துக்கும் பொதுவான முதல் தாள் என்றுதான் நினைக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பாடத்தில் கரை கண்டிருப்பார்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் அந்த ஐம்பது கேள்வியில் கவிழ்வார்கள். அது அறிவுச் சோதனை இல்லை, பழக்கம். தினம் ஒரு மணி நேரம் பழைய வினாத்தாளைப் போட்டுப் பாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஒன்றையும் விடாதீர்கள்.

ஆக, ஓசூர் வேலையா? இப்போது வேண்டாம். பார்ட் டைமுக்கு மாறினால் மேலே சொன்ன எதுவும் கிடையாது. இன்னும் இரண்டு நெட், இரண்டு விண்ணப்பம், அவ்வளவு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மாலையில் நாலு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுங்கள், பஸ் காசுக்கு ஆகும். அதற்குள் ஒன்றும் வரவில்லையென்றால் மாறிவிடுங்கள். கையில் காசில்லாமல் ஆறு வருடம் முழுநேரம் இருப்பதை நான் தவம் என்று சொல்லமாட்டேன். சம்பளம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கல் தேடியவர்களும் நல்ல ஆய்வு செய்திருக்கிறார்கள்.

கிடைத்தாலும் உடனே கைக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் காலத்தில் ஜே.ஆர்.எஃப். 16,000. எனக்குப் பதினோரு மாதம் வரவில்லை. மாதாமாதம் போக வேண்டிய சான்றில் கைடு கையெழுத்தின் மேல் முத்திரை விழுந்துவிட்டது என்று திருப்பினார்கள். திருத்தி அனுப்பினால் தேதி ஒத்துவரவில்லை என்றார்கள். மெஸ் பாக்கி, அறை வாடகை பாக்கி. ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் முகம் சுளிக்கவில்லை. என் பெயரைத் தலைப்பில் எழுதி நாற்பது பக்க நோட்டு ஒன்றே போட்டுவிட்டார். மொத்தமாகப் பணம் வந்த அன்று முதலில் அவரிடம்தான் போனேன். எண்ணி வாங்கிக்கொண்டு, "நோட்டுல இன்னும் பக்கம் இருக்குது சார்" என்றார். அதனால் எந்தச் சான்று கொடுத்தாலும் ஒரு நகல் எடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை பாலக்கோட்டில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். அந்த நண்பரிடம் மைப்படித் தாள் ஒரு கட்டு மீதம் இருக்கிறது, கேட்டு வாங்கி வருகிறேன். தேங்காய் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
அண்ணன்