அமெரிக்க வரலாறு: எதைப் படிக்கலாம், எதை நம்பலாம்?

கே: சார், அமெரிக்க வரலாறு அறவே தெரியாது. காசில்லாமல் எங்கே ஆரம்பிப்பது?

ப: ‘தி அமெரிக்கன் யாப்’ பாடநூல் இணையத்தில் இலவசம். பல வரலாற்றாசிரியர்கள் சேர்ந்து எழுதியது, 30 அத்தியாயம். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று உட்காராதீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அந்தக் காலத்து ஆவணங்களைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறார்கள், ருசி அங்கேதான்.

கே: அமெரிக்காவின் வட, தென் மாநிலங்கள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காகவா, மாநில உரிமைக்காகவா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ப: ஆட்களை விடுங்கள். நாட்டை விட்டுப் பிரிந்துபோன தென் மாநிலங்களே காரணத்தை எழுதி வைத்திருக்கின்றன. யேல் சட்டக் கல்லூரியின் ‘அவலான்’ தளத்தில் மிசிசிப்பியின் 1861 அறிக்கையைப் பாருங்கள், சில நிமிடம்தான் ஆகும். எடுத்த எடுப்பிலேயே தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு பிணைந்தது என்று ஒப்புக்கொள்கிறது. தெற்கு கரோலினாவின் 1860 அறிக்கை இன்னும் வேடிக்கை. தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் தராதபடி வட மாநிலங்கள் சட்டம் போட்டுவிட்டன என்று புகார். அதாவது, வடக்கு தன் மாநில உரிமையைக் காட்டியதுதான் குற்றம்!

கே: அடிமையாக இருந்தவர்களின் பேச்சு எங்காவது பதிவாகியிருக்கிறதா?

ப: இருக்கிறது. 1936–38ல் அரசின் எழுத்தாளர் திட்டம் 2,300க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு எழுதியது. அமெரிக்காவின் தேசிய நூலகம் போன்ற லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் படிக்கலாம். ஆனால் கவனம். கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பதில் சொன்னவர்களோ பெரும்பாலும் எண்பதைத் தொட்ட ஏழைகள், ஊரில் இன ஒதுக்கல் நடந்துகொண்டிருந்த காலம். “எசமான் நல்லவர்” என்று ஒரு வரி வந்தால், எதிரே உட்கார்ந்து கேட்டது யார் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கே: ஆய்வுக்குப் பழைய செய்தித்தாள்கள் வேண்டும். பழைய அமெரிக்கத் தாள்களை வைத்திருக்கும் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தளத்தில் தேடினால் ஒன்றும் சிக்கவில்லை.

ப: இன்றைய சொல்லைப் போட்டிருப்பீர்கள். 1915ஆம் ஆண்டுத் தாளில் ‘முதல் உலகப் போர்’ எப்படி இருக்கும்? ‘ஐரோப்பியப் போர்’ என்று தேடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு என்றால் இன்னொரு தொல்லை: அன்றைய அச்சில் ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ மாதிரி நிற்கும், கணினியும் ஏமாந்துபோகும். அந்த எழுத்தை மாற்றிப் போட்டும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

கே: படிக்கச் சோம்பல். வீடியோ உண்டா?

ப: சரி, யேலில் வரலாற்றுப் பேராசிரியர் டேவிட் பிளைட் நடத்திய உள்நாட்டுப் போர் வகுப்பு, 27 விரிவுரை, இலவசம். அப்புறம் அந்த மிசிசிப்பி அறிக்கையை மட்டுமாவது படித்துவிடுங்கள்.